சிறுதானியத்தை யார் குத்துவது?

‘உணவே மருந்து’ என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மருந்தை இடிப்பது யார்?

கிண்டலாகக் கேட்கவில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் ஒருவர் மேல் விழுந்த மறுநாளே அவர் கைபேசிக்கு உணவுப் பட்டியல்கள் வர ஆரம்பித்துவிடும். கோதுமையை நிறுத்து. பாலை நிறுத்து. சர்க்கரை விஷம், அரிசி அதைவிட விஷம். கிழங்கைத் தொடாதே. தக்காளியும் கத்தரிக்காயும் வலியைத் தூண்டும். பேலியோவுக்கு மாறு. இல்லையில்லை, வீகனாகிவிடு, உன் உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது. ஐந்து வருடமாக எனக்கு வந்ததையெல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால், ஒன்றில் அமுதமாக இருப்பது அடுத்ததில் நஞ்சாக இருக்கும். ஆனால் எல்லாப் பட்டியல்களுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எதிலும் சமைப்பவர் இல்லை. சாப்பிடுபவர் மட்டும்தான் இருக்கிறார். பட்டியல் எழுதியவருக்கு, தட்டு தானாக நிரம்பும்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியாது. மூட்டு வீங்காது. உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் தூங்காதது போன்ற அசதி, காலையில் விரல் மடங்காத இறுக்கம், பேசிக்கொண்டிருக்கும்போது சொல் மறந்துபோவது. 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி ஓர் அளவுகோல் வைத்தது: உடலில் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து 11 இடங்களில் வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. 2010-ல் அதை விட்டுவிட்டு, எங்கெல்லாம் வலிக்கிறது, தூக்கமும் அசதியும் எப்படி என்று நோயாளியிடமே கேட்கும் முறைக்கு மாறினார்கள். தசையில் கோளாறு இல்லை, வலியைக் கையாளும் நரம்பு மண்டலமும் மூளையும் ஒலியைக் கூட்டி வைத்த ஸ்பீக்கர் போல ஆகிவிட்டன என்பதுதான் இன்றைய புரிதல். என் தொழில் பாஷையில் சொன்னால், சர்வரில் ஒன்றும் எரியவில்லை, அலர்ட் அடிக்கும் அளவை யாரோ அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டார்கள். வேட்டி உரசினாலும் அலாரம். ஆனால் அந்த அலாரம் பொய் இல்லை. அடித்தால் அடிக்கிறதுதான். தூக்கத்தில் இருப்பவரை எழுப்பத்தான் செய்யும்.

இதற்கு உணவு என்ன செய்யும்? நேர்மையான பதில்: எந்த ஒரு உணவு முறையும் இதைத் தீர்க்கும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. வீகன்காரர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டும் பின்லாந்து ஆய்வு 2000-ல் வந்தது. 18 நோயாளிகள் மூன்று மாதம் உப்புக் குறைந்த, சமைக்காத, முழுத் தாவர உணவைச் சாப்பிட்டார்கள். வலி குறைந்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் வலியும் திரும்பியது. 18 பேர். தான் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரியும் (மூன்று மாதம் அடுப்படிக்கே போகாமல் இருந்தால் எனக்கும் வலி குறையும் என்று ஒரு பொல்லாத சந்தேகம் எனக்கு உண்டு). ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2016-ல் திருத்திய பரிந்துரைகளில் ‘வலுவாக’ என்ற முத்திரையோடு பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. மருந்துகளுக்குக்கூட அந்த முத்திரை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று 2007-ல் முதலில் அனுமதி பெற்ற பிரிகாபலின் பலருக்கு எடையை ஏற்றும். அதை விழுங்கிவிட்டு வெளியே வந்தால் ‘எடையைக் குறைத்தாலே சரியாகிடும்’ என்று ஒரு மாமா நிற்பார்.

உணவுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. வைட்டமின் டி குறைபாடும், பி12 குறைபாடும், தைராய்டு மந்தமும் இதே மாதிரி உடம்பை வலிக்க வைக்கும், அவற்றைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். இந்த நோய் இருப்பவர்களில் பலருக்கு வயிற்றுக் கோளாறும் சேர்ந்தே இருக்கும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தனக்குத் தானே கண்டுபிடிப்பது பயன் தரும். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, மோர் ஒத்துக்கொள்ளும். அது என் குடலின் சங்கதி. அதை மதமாக்கி இன்னொருவர் வாசலில் நின்று கூவ மாட்டேன்.

இப்போது ஊருக்கு வருவோம். நயினார்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாகநாத சுவாமி கோவில். எங்களுக்குப் பரமக்குடியிலிருந்து வரும் பஸ், ஒன்றிய அலுவலகம், சுற்றிலும் கண்மாய்கள், கண்மாய்க்கு உள்ளேயும் வெளியேயும் சீமைக் கருவேலம். ஆவணி புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியில் விதைத்து, தையில் அறுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நெல்லுக்கு அப்புறம் மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இணையத்தில் எல்லோரும் பெருமைப்பட்டோம். நல்லது. அந்த மிளகாயை மாசி, பங்குனி வெயிலில் இடுப்பை வளைத்துப் பறிப்பது பெரும்பாலும் பெண்கள். காய வைத்து, காம்பு பார்த்து, தரம் பிரிப்பதும் அவர்கள்தான். அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். ‘மேலெல்லாம் அடிச்சுப் போட்டாப்புல இருக்குத்தா’ என்பார்கள். ‘ராத்திரி புரண்டு புரண்டு படுக்குறேன், விடிஞ்சா கையை மடக்க முடியல.’ பாடப்புத்தகத்தில் இருக்கும் விவரணை இதைவிடத் துல்லியமாக இல்லை. அவர்களில் எத்தனை பேருக்கு ஃபைப்ரோமயால்ஜியா, எத்தனை பேருக்குத் தேய்மானம், எத்தனை பேருக்கு 2006-ல் சிக்குன்குனியா விட்டுப்போன மிச்சம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘வாயு’. கிடைத்த மருந்து ஒரு ஊசி. என் சித்திக்கும் அதே வாயுதான். எனக்குப் பெயர் கிடைத்ததற்குக் காரணம் என் வலி பெரியது என்பதல்ல, என் கம்பெனியின் காப்பீட்டு அட்டை பெரியது.

அவர்களிடம் போய் ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்க வேண்டும்தான். பரிந்துரையில் இருக்கும் உடற்பயிற்சி மெதுவாகத் தொடங்கி, தாங்கும் அளவுக்கு ஏற்றி, வலித்தால் குறைத்து, ஓய்வெடுத்துச் செய்வது. மிளகாய்க் காட்டில் அளவை வைப்பது உடம்பு இல்லை, சாக்கு.

இந்த இடத்தில்தான் ‘மரபுக்குத் திரும்புவோம்’ அணி உள்ளே வருகிறது. ‘பாட்டி குதிரைவாலி சாப்பிட்டாள், அவளுக்கு வலியே இல்லை.’ முதலில் அந்த இரண்டாவது வாக்கியம். பாட்டிக்கு வலி இருந்தது. கேட்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

குதிரைவாலி எங்கள் பக்கத்துத் தானியம். ராமநாதபுரம், விருதுநகர், மதுரை வறட்டு நிலங்களில் மழை குறைந்தாலும் வரும். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, இந்தியா முன்மொழிந்துதான். அந்த ஆண்டு முழுக்க ‘நாம் ஏன் சிறுதானியத்தைக் கைவிட்டோம்’ என்று கட்டுரைகள் வந்தன. பசுமைப் புரட்சி, ரேஷன் அரிசி, அரிசிச் சோற்றின் மேல் கௌரவ ஆசை என்று காரணங்கள் அடுக்கினார்கள். எல்லாம் சரி. ஒரு காரணத்தை மட்டும் அநேகமாக யாரும் சொல்லவில்லை: உமி. கேழ்வரகையும் கம்பையும்போல இல்லை குதிரைவாலி, வரகு, சாமை எல்லாம். தோல் கெட்டியாக ஒட்டியிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒரு வேளை சோற்றுக்கு ஒருத்தி விடியுமுன் எழுந்து உலக்கை பிடிக்க வேண்டும். வரகுக்கு இன்னும் அதிகம். நெல்லுக்கு ஊர் ஊராக அரவை மில் வந்தது. சிறுதானியத்துக்கு வரவில்லை. பெண்கள் நெல்லின் பக்கம் போனார்கள். இதில் மரபு மறந்த குற்றமும் இல்லை, மேற்கத்திய மோகமும் இல்லை. தோள்பட்டை எடுத்த முடிவு அது. உலக்கையைக் கீழே வைக்க ஒரு வழி கிடைத்தது, வைத்தார்கள்.

நம்மாழ்வாரை நான் மதிக்கிறேன். மண்ணைப் பற்றி அவர் சொன்னதற்கு எங்கள் ஊர் நிலமே சாட்சி சொல்லும். ஆனால் அவர் பெயரைச் சொல்லி இன்று நகரத்தில் நடக்கும் மரபு உணவுத் திருவிழாக்களில் உரல் காட்சிக்கு நிற்கிறது, அதன் முன் செல்ஃபி எடுக்கிறார்கள். ‘அம்மியில் அரைத்தால்தான் ருசி’ என்று எழுதும் ஆண்களை இலக்கிய உலகமும் குறைவில்லாமல் உற்பத்தி செய்திருக்கிறது. அரைத்துப் பார்த்தீர்களா, தோழர்? ஒரு நாளாவது? வலது தோளில் கொள்ளி வைத்தது போல இருக்கும்போது?

2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் 2006-11 ஆட்சியில் எரிவாயு அடுப்பு. இரண்டையும் ஓட்டுக்கான லஞ்சம் என்று திட்டாத படித்தவர் குறைவு. 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படத்தில் இந்தப் பொருட்களைத் தூக்கித் தீயில் போடும் காட்சி இருந்தது, அரங்கில் கைதட்டினார்கள், பிறகு ஆளுங்கட்சி எதிர்ப்பில் அது வெட்டப்பட்டது. வெட்டியதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கைதட்டியவர்களைப் பார்க்க எனக்கு ஆசை. தமிழ்நாட்டில் பெண்களின் நாள்பட்ட உடல்வலிக்கு எந்த அரசாவது ஏதாவது செய்திருக்கிறது என்றால், அது அந்த மிக்ஸிதான். ஓட்டுக்காகத்தான் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். ஆட்டுக்கல்லை விட்டு எழுந்த இடுப்புக்கு எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை.

அரசு நடத்திய 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அந்த ‘ஈடுபடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்படி ஏதாவது செய்த பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். இந்த நோய் கண்டறியப்படுபவர்களிலும் பெரும்பான்மை பெண்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான உணவுப் பட்டியல் என்பது நோயாளிக்கே கொடுக்கப்படும் கூடுதல் வேலை உத்தரவு என்று தெரியும். தனக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒன்று, ‘எனக்கு இந்த வரகெல்லாம் வேணாம்’ என்கிறவருக்கு ஒன்று.

இனி பூமியின் பக்கம். உணவால் வரும் சூழல் கேட்டை நான் மறுக்கவில்லை, காலநிலை மாற்றத்தை எங்கள் கண்மாய்களைவிட நன்றாக யார் அறிவார்கள். ஆனால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். 2019-ல் ‘ஈட்–லான்செட்’ ஆணையம் உலகத்துக்கே ஒரு தட்டு வரைந்தது. நாளுக்கு 2500 கலோரி, சிவப்பு இறைச்சி 14 கிராம், மீன் 28 கிராம், கொட்டை வகைகள் 50 கிராம், காய்கறி 300 கிராம், பழம் 200 கிராம். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் விலை போட்டுப் பார்த்தார்கள்: 2011 விலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2.84 டாலர், சுமார் 158 கோடி மனிதர்களின் மொத்த வருமானமே அதைவிடக் குறைவு. பணத்துக்குக் கணக்குப் போட ஆள் வந்ததே பெரிய விஷயம். கைக்கு இன்னும் வரவில்லை. 300 கிராம் காய்கறியை நறுக்குவது யார், அந்த நாளில் அவர் விரல் மடங்குமா என்று எந்த அட்டவணையிலும் பத்தி இல்லை.

அந்தத் தட்டையும் எங்கள் சித்தியின் தட்டையும் பக்கத்தில் வைக்கிறேன். ரேஷன் அரிசிச் சோறு, மறுநாள் அதன் பழையது. முருங்கைக்கீரை, வேலியில் இருந்து. பருப்பு இருந்தால் பருப்பு. கடல் பக்கத்திலிருந்து வரும் மலிவு மீன்: சூடை, காரல், மத்தி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் கருவாடு. கறி என்றைக்கோ. இதில் பூமியைச் சுடுவது எது? அரிசி மீத்தேன் விடும் என்பார்கள். உண்மை, வயலில் தண்ணீர் தேங்கி நின்றால். புழுதியில் விதைத்து மழைக்கு அண்ணாந்து பார்க்கும் நிலத்தில் தண்ணீர் நிற்கும் நாள் எத்தனை? நிற்கட்டும் என்றுதானே கோவிலில் வேண்டிக்கொள்கிறோம். ஒமேகா–3 வேண்டும் என்று எனக்குச் சால்மனைச் சொன்னார் ஓர் ஆலோசகர். கொச்சிக்குப் போவதற்கு முன் நாட்டின் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமையகமாக இருந்த மண்டபம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. மத்தியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு நார்வே வந்து சொல்ல வேண்டியதில்லை.

சித்தியின் தட்டில் குறை இல்லாமல் இல்லை. பழம் இல்லை, பருப்பு போதாது, பிள்ளைகளுக்குப் போட்டது போக மிஞ்சியதுதான் அவளுக்கு. அந்தக் குறைக்குப் பெயர் வறுமை. அதைச் ‘சூழலுக்கு உகந்த எளிய வாழ்வு’ என்று புகழ்வதும் அயோக்கியத்தனம்தான்.

2016-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடைச் சங்கிலி தோல் உரித்த ஆரஞ்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் விற்றது. ‘இதற்கு இயற்கை ஏற்கெனவே ஓர் உறை கொடுத்திருக்கிறதே’ என்று உலகமே கேலி செய்தது, கடை பின்வாங்கியது. அதற்குப் பிறகுதான் உடல் குறைபாடும் மூட்டு வலியும் உள்ளவர்கள் மெல்லச் சொன்னார்கள்: எங்களால் ஆரஞ்சு உரிக்க முடியாது. நம் ஊரில் அதே கேலி உரித்த பூண்டுக்கும், நறுக்கிய சின்ன வெங்காயத்துக்கும், பாக்கெட் இட்லி மாவுக்கும் நடக்கிறது. ‘சோம்பேறிகள்’ என்று எழுதுகிறார்கள். பாக்கெட் மாவு என் ஊன்றுகோல். அதன் உறை பிளாஸ்டிக் என்பது எனக்குத் தெரியும், உறுத்துகிறது. தீர்வு என்னை ஆட்டுக்கல்லுக்கு அனுப்புவதில் இல்லை. தெருமுனையில் மாவு ஆட்டி விற்கும் அக்காவிடம் நான் தூக்குச்சட்டியோடு போகிறேன், முடிகிற நாளில். முடியாத நாளில் பாக்கெட். முடியாத நாளுக்கும் இடம் கொடுக்காத எந்த உணவு முறையையும் ‘நீடித்தது’ என்று சொல்லாதீர்கள். நீடித்து நிற்க வேண்டியது முதலில் மூன்றாம் வாரம் வரைக்குமாவது. வலி ஏறும் நாளில் சரிகிற முறைக்கு வலியாளியிடம் என்ன வேலை?

எனவே என் அளவுகோல் ஒன்றுதான்: மாதத்தின் மிக மோசமான நாளில், ஒரு கையால், கால் மணி நேரத்தில் ஆகுமா? பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் ஆகும். குக்கரில் சேர்த்து வைத்த அரிசியும் பாசிப்பருப்பும் ஆகும். அவித்த முட்டை ஆகும். ஊறிய நிலக்கடலை ஆகும். மீன்காரர் ஆய்ந்து கொடுத்தால் மத்தி ஆகும், கொடுக்காவிட்டால் ஆகாது. நல்ல நாளில் வரகும் சமைப்பேன், மில்லில் தீட்டி வந்த வரகு. யாருக்கும் பட்டியலாக அனுப்ப மாட்டேன்.

‘இதெல்லாம் உன் தனி வாழ்க்கை, சமூகத்துக்கு என்ன?’ என்று கேட்பீர்கள். சமூகத்துக்குத்தான் சொல்கிறேன். இந்த நோயில் மிகக் கொடுமையான நேரம் காலை. விரல் இறுகி, கழுத்து திரும்பாமல் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வீடு முழுக்கச் சாப்பாடு கேட்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதைப் பிள்ளைகளின் ஊட்டச்சத்துத் திட்டமாக மட்டும் பேசுகிறோம். ஒரு வலியுள்ள தாய்க்கு அது என்ன என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். அம்மா உணவகங்கள் 2013-ல் வந்தன, ஒரு ரூபாய்க்கு இட்லி. நகரங்களோடு நின்றுவிட்டன. மிளகாய்க் காட்டிலிருந்து வருபவள் கண்ணில் அது படவே இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டது, அதில் ஃபைப்ரோமயால்ஜியாவின் பெயர் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை தருகிறது, இயன்முறை சிகிச்சையும் உண்டு. வருகிறவர், படியேறியதும் ‘உடம்பு வலிக்குதாக்கா, எத்தனை மாசமா?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க எவ்வளவு செலவாகிவிடும்?

இன்னொன்று. நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க 2023-ல் ஆரம்பித்தார்கள். அதே மாதிரி எங்கள் மாவட்டத்துக்குக் குதிரைவாலி கொடுங்கள் என்ற கோரிக்கையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளைவிப்பவருக்கு விலை கிடைக்கும், சாப்பிடுபவருக்கு நார்ச்சத்து கிடைக்கும். ஆனால் கொள்முதல் செய்கிறவர்கள் முதலில் ஒன்றியத்துக்கு ஒரு உமி நீக்கும் மில் போடட்டும். மூட்டை கடைக்கு வரும்போது தீட்டிய அரிசியாக வரட்டும்.